மண்ணுக்குள் போனால் பழுதும் போய்விடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தெருக்களில் தொங்கும் மின்கம்பிகளை எடுத்துவிட்டு மண்ணுக்குள் புதைவடம் (மின்கேபிள்) பதிக்க வேண்டுமா என்ற விவாதம் தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் தொடர்ந்து நடக்கிறது. வேண்டும் என்பவர்கள் புயலையும் அறுந்து விழும் கம்பியையும் காட்டுகிறார்கள். வேண்டாம் என்பவர்கள் செலவைக் காட்டுகிறார்கள். ஆனால் எந்தக் கம்பியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை இரு தரப்பும் சொல்வதில்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து வீட்டுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பி வேறு. அந்த டிரான்ஸ்பார்மருக்கு மின்சாரம் கொண்டுவரும் 11 கே.வி. (11,000 வோல்ட்) பீடர் வேறு, துணை மின்நிலையங்களை இணைக்கும் 110 கே.வி. பாதை வேறு. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் விடை கிடைக்காது.

உயிர் போகிற விஷயத்தை முதலில் பார்ப்போம். தாழ்வழுத்தக் கம்பி அறுந்து தரையில் விழுந்தால் பியூஸ் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் போகாது. காய்ந்த தார்ச்சாலையில் கிடக்கும் கம்பிக்கும் பூமிக்கும் இடையே 100 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் ஓடும் மின்னோட்டம் 2.3 ஆம்பியர். ஓர் இஸ்திரிப் பெட்டி இழுப்பதில் பாதிதான் அது. டிரான்ஸ்பார்மரில் இருக்கும் பியூஸோ 100, 200 ஆம்பியரைத் தாங்குவது. அதன் கணக்கில் தெருவில் எதுவுமே நடக்கவில்லை. கம்பி உயிரோடு கிடக்கும், மிதிப்பவர் சாவார். 11 கே.வி. கம்பி காய்ந்த மணலில் விழும்போதும், பழுதை உணர்ந்து மின்சாரத்தை நிறுத்த வேண்டிய ரிலே உணராமல் போவதுண்டு.

இதற்கு மருந்து மண்ணைத் தோண்டுவதுதானா? கம்பிக்கு உறை போட்டாலே இந்த ஆபத்தில் பெரும்பகுதி தீரும். ஏ.பி. கேபிள் எனப்படும் உறையிட்ட கம்பிக் கற்றையில் மூன்று பேஸ் கம்பிகளும், பளுவைத் தாங்கும் மெசஞ்சர் கம்பியும் முறுக்கி ஒன்றாக்கப்பட்டிருக்கும். கிளை உரசினால் பொறி பறக்காது, காற்றில் கம்பிகள் ஒன்றோடொன்று மோதாது. கம்பம் சாய்ந்தாலும் கற்றை பெரும்பாலும் அறுபடாமல் தொங்கும். இருக்கும் கம்பங்களிலேயே கட்டலாம் என்பதால் தெருவைக் கிழிக்க வேண்டியதில்லை.

இதிலும் கோட்டைவிடும் இடங்கள் உண்டு. வீட்டு இணைப்பு எடுக்கும் கனெக்டரின் பற்கள் உறையைக் குத்தி உள்ளே இறங்கும். சரியான இறுக்கம் வந்ததும் போல்ட்டின் தலை தானாக ஒடிந்து விழும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ஒருமுறை கழற்றியதை மறுபடி மாட்டினால் பிடிப்பு இருக்காது. சூடாகி, உறை உருகி, கடைசியில் தீப்பிடிக்கும். கற்றையின் வெட்டிய முனைக்கு மூடி போடாமல் விட்டால் மழைநீர் இழைகளுக்கு நடுவே இறங்கி அலுமினியத்தை மாவாக்கிவிடும். வெறுங்கம்பியைவிடக் கற்றைக்கு எடை அதிகம். கம்ப இடைவெளியைக் குறைக்காமல், முனைக் கம்பங்களைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி கட்டாமல் ஏற்றினால் அடுத்த காற்றில் கம்பமே சாயும்.

11 கே.வி. பாதையில் மேலுறை மட்டும் போட்ட கம்பி என்று ஒன்று உண்டு. பின்லாந்து போன்ற காட்டு நாடுகளில் 1970களிலிருந்து பயன்படுகிறது. மரம் சாய்ந்து கிடந்தாலும் சிறிது நேரம் விநியோகம் நிற்காமல் ஓடும். ஆனால் அந்த உறை தொடுவதற்கான பாதுகாப்பு இல்லை. கிளைக்கும் கம்பிக்கும் இடையே போட்ட திரை, அவ்வளவுதான். மின்னல் விழுந்தால் இன்னொரு சிக்கல். வெறுங்கம்பியில் மின்வில் (தொடர்ந்து எரியும் மின்பொறி) கம்பியோடு நகர்ந்து ஓடிவிடும். உறை போட்ட கம்பியில் உறை கிழிந்த ஒரே புள்ளியில் நின்று எரிந்து கம்பியை அறுத்துவிடும். அதனால் இன்சுலேட்டர் அருகே மின்வில் தடுப்பான் கட்டாயம். செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படும் பொருளும் அதுதான்.

இப்போது புதைவடம். மேலே செல்லும் கம்பியில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை தற்காலிகமானவை. ஒரு பறவை, ஒரு கிளை, ஒரு மின்னல். பிரேக்கர் விழுந்ததும் தானியங்கி ரீகுளோசர் சில நொடிகளில் மீண்டும் போடும். விளக்கு ஒருமுறை சிமிட்டிவிட்டு எரியும். புதைவடத்தில் இந்தச் சலுகை கிடையாது. மின்காப்பு ஒருமுறை ஓட்டையானால் ஓட்டைதான். திரும்பப் போட்டுப் பார்த்தால் சேதம் பெருகும் என்பதால் புதைவட பீடரில் ரீகுளோசரை நிறுத்தியே வைப்பார்கள். பழுதுகளின் எண்ணிக்கை குறையும்; ஒவ்வொரு பழுதும் நீளும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 2002 டிசம்பர் பனிப்புயலுக்குப் பிறகு இதைக் கணக்கெடுத்தார்கள். 2003-ல் வந்த அறிக்கையின்படி புதைவடத்தில் மின்தடைகள் பாதியாக இருந்தன. ஆனால் ஒரு தடை நீடித்த சராசரி நேரம் 92 நிமிடத்திலிருந்து 145 நிமிடமாக உயர்ந்தது. மாநிலத்தின் விநியோகக் கம்பிகள் முழுவதையும் புதைக்க 25 ஆண்டுகளும் 4,100 கோடி டாலரும் ஆகும், மின்கட்டணம் 125 சதவீதம் ஏறும் என்று கணக்கிட்டு, மொத்தமாகப் புதைக்கும் யோசனையைக் கைவிட்டார்கள்.

அந்த நேரம் எதில் போகிறது என்று தெரிந்தால் 'கேபிள்காரர்கள் இன்னும் வரவில்லையா' என்ற கோபம் கொஞ்சம் தணியும். பழுதான வடத்தை இரு முனையிலும் கழற்றி, எர்த் செய்து, தேங்கிய மின்னூட்டத்தை இறக்க வேண்டும். புதைவடம் ஒரு நீண்ட கெபாசிட்டர். சுவிட்சை அணைத்த பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னூட்டம் அதில் இருக்கும்; எர்த் ராடு வைக்காமல் கை வைத்தவர்கள் அதற்குப் பலியாகியிருக்கிறார்கள். பிறகு மின்காப்பை அளக்கும் மெக்கர் கருவியை வைத்து, வடத்துக்குள் இருக்கும் கம்பிகளில் (கோர்) எது பழுது என்று பார்ப்பார்கள். அடுத்தது எதிரொலிக் கருவி. ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பி, அது பழுதில் மோதித் திரும்பும் நேரத்தை அளக்கும். எக்ஸ்.எல்.பி.இ. எனப்படும் பிளாஸ்டிக் மின்காப்பு கொண்ட வடத்தில் அந்தத் துடிப்பு மைக்ரோ நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் போகும். 10 மைக்ரோ நொடியில் திரும்பினால் பழுது 850 மீட்டரில். போய்வரும் தூரம் என்பதால் பாதியாக்க வேண்டும்.

வேலை இதோடு முடிந்ததென்றால் எவ்வளவு நன்றாக இருக்கும். 850 மீட்டர் என்பது வடத்தின் நீளம். சாலையின் நீளம் இல்லை. இரு துண்டு வடங்களை இணைக்கும் ஜாயிண்ட் அருகே உபரியாக விட்ட வளையம், ஏறி இறங்கிய இடம் எல்லாம் அதற்குள் அடங்கும். ஒரு சதவீதப் பிழை என்றாலே முன்னும் பின்னும் எட்டரை மீட்டர் தோண்ட வேண்டும். பழுதின் தடை அதிகமாக இருந்தால் அந்தச் சிறு துடிப்பு அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். அப்போது சர்ஜ் ஜெனரேட்டரால் பல ஆயிரம் வோல்ட்டை விட்டு விட்டு அடிப்பார்கள். ஒவ்வோர் அடிக்கும் பழுதான இடத்தில் மண்ணுக்குள் 'டம்' என்று வெடிக்கும். தரை மைக்கை வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைத் தேடி நடக்க வேண்டும். போக்குவரத்து ஓயாமல் காது கேட்காது என்பதால்தான் இந்த வேலை நள்ளிரவுக்குத் தள்ளிப்போகிறது. வடம் குழாய்க்குள் இருந்தால் இன்னும் தொல்லை. சத்தம் குழாயோடு ஓடி அதன் வாயில் கேட்கும். அங்கே தோண்டினால் வெறும் பள்ளம்தான் மிஞ்சும். அவசரத்தில் மணிக்கணக்காக அடித்துக்கொண்டே இருந்தால் நன்றாக இருக்கும் பகுதியும் பலவீனப்படும்.

இடம் கிடைத்ததும் சேதமான துண்டை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைக்க வேண்டும். ஒரு பழுதுக்கு இரண்டு ஜாயிண்ட். மூன்று கோர் ஜாயிண்ட் ஒன்றை ஒழுங்காகப் போடப் பாதி நாள் ஆகும். வெளியுறை, எஃகுக் கவசம், செம்புப் பட்டை, கருப்பு நிற அரைக்கடத்திப் படலம் என்று ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு வர வேண்டும். அந்தக் கருப்புப் படலத்தை வெட்டும்போது கத்தி அரை மில்லிமீட்டர் ஆழமாகப் போனாலும் கீழே உள்ள வெள்ளை மின்காப்பில் கீறல் விழும். மேலே என்ன போட்டு மூடினாலும் கீறலுக்குள் காற்று நிற்கும். துடைப்பதில்கூட முறை இருக்கிறது. கடத்தி முனையிலிருந்து கருப்புப் படலத்தை நோக்கி ஒரே போக்கில் துடைக்க வேண்டும். திருப்பித் துடைத்தால் கரித்தூள் மின்காப்பின் மேல் பூசப்பட்டு மின்சாரத்துக்கு வழி போட்டுக் கொடுத்துவிடும். சுருங்கு குழாயைச் சூடாக்கும்போது நடுவிலிருந்து இரு பக்கமும் தீயை நகர்த்திக்கொண்டே போகாவிட்டால் உள்ளே காற்றுக் குமிழ் சிக்கும்.

இப்படிப் போட்ட ஜாயிண்ட் அன்றே வெடிக்காது. குமிழுக்குள் நுண்ணிய மின்கசிவு தொடங்கி மின்காப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். மாதங்கள் கழித்து மழைக்காலத்தில் வெடிக்கும்போது ஒப்பந்ததாரர் எங்கேயோ இருப்பார். ஒரு டிரம்மில் 250 முதல் 500 மீட்டர் வடம்தான் வரும். நீண்ட பீடரில் ஜாயிண்ட்டைத் தவிர்க்கவே முடியாது. கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு என்று கேட்பவர்கள், பயிற்சி பெற்ற ஜாயிண்டர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. எங்களைக் கேட்டால் இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

பள்ளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 11 கே.வி. வடம் பொதுவாக 90 செ.மீ. ஆழத்திலும் தாழ்வழுத்த வடம் 75 செ.மீ. ஆழத்திலும் போக வேண்டும். கீழே சலித்த மணல், மேலே மணல், அதன் மேல் செங்கல் அல்லது மூடுபலகை, அதற்கும் மேலே எச்சரிக்கை நாடா. தளத்தில் நடப்பதோ வேறு. பாறை வந்ததும் ஆழம் குறையும், மணல் வராத நாளில் தோண்டிய கட்டட இடிபாட்டையே திரும்பத் தள்ளி மூடுவார்கள். கூரிய கல் உறையைக் குத்தும். அதைவிட மோசமானது வெப்பம். எக்ஸ்.எல்.பி.இ. வடத்தின் கடத்தி 90 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். அந்தச் சூடு மண் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இடிபாட்டின் இடைவெளிகளில் இருக்கும் காற்று வெப்பத்தைக் கடத்தாது. கோடையில் மண் காயக் காய வெப்பம் வெளியேறுவது குறையும். குளிர்சாதனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதும் அதே கோடையில்தான். ஒரே பள்ளத்தில் நான்கு வடங்களை நெருக்கிப் போட்டால் ஒன்றின் சூடு மற்றதை வாட்டும்.

1998 பிப்ரவரியில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையம் ஏறத்தாழ ஐந்து வாரம் மின்சாரமின்றித் தடுமாறியது. அங்கே காற்றும் மழையும் காரணமில்லை. எல்லாமே மண்ணுக்குள் இருந்தன. நகர மையத்துக்கு வந்த நான்கு 110 கே.வி. புதைவடங்களும் சில வாரங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின. வறண்ட கோடை, ஒன்று போனதும் மற்றவற்றின் மேல் ஏறிய சுமை, தாங்கும் என்று எழுதி வைத்திருந்த அளவை உண்மையில் தாங்காத மண். அவசரத் தீர்வாக அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரயில் பாதையோரமாகத் தற்காலிகக் கம்பங்கள் நட்டு மேல்நிலைக் கம்பி இழுத்தார்கள்.

உயர் அழுத்தப் பாதைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. புதைவடத்தின் கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டம் தேக்கும் திறன்) மேல்நிலைக் கம்பியைப் போல இருபது மடங்குக்கும் மேல். 400 கே.வி. மாறுமின்னோட்ட வடத்தில் சில பத்து கிலோமீட்டர் போவதற்குள் வடம் தனக்காகவே இழுக்கும் மின்னோட்டம் அதன் கொள்ளளவைத் தின்னத் தொடங்கும். நடுநடுவே அதை ஈடுகட்டும் ரியாக்டர் நிலையங்கள் வைக்க வேண்டும். ஊருக்கு வெளியே வயல்வெளியில் செல்லும் கோபுரங்களையும் புதைக்கச் சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். காந்தப்புலத்துக்குப் பயந்து புதைக்கச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மண் காந்தப்புலத்தைத் தடுக்காது. வடத்துக்கு நேர் மேலே நிற்பவர் உயரத்தில் செல்லும் கம்பிக்குக் கீழே நிற்பவரைவிட அதற்கு நெருக்கமாக இருக்கிறார். நாலடி விலகினால் வேகமாகக் குறைந்துவிடும் என்பது உண்மைதான்.

இவ்வளவும் படித்துவிட்டு நாங்கள் புதைவடத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். மாடிக் கைப்பிடிச் சுவரைக் கம்பி உரசும் குறுகலான தெருக்களிலும், கடைவீதிகளிலும், மருத்துவமனைக்கும் குடிநீர் ஏற்று நிலையத்துக்கும் போகும் பீடர்களிலும், புயல் அடிக்கடி கரை கடக்கும் நகரங்களிலும் புதைப்பதுதான் சரி. ஆனால் வளையமாகப் புதைக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் மின்சாரம் வரும் ஒற்றைப் பீடரை அப்படியே மண்ணுக்குள் தள்ளினால், முன்பு ஒரு மணி நேரத்தில் லைன்மேன் கண்ணால் பார்த்துச் சரிசெய்த பழுதுக்கு இனி ஒரு நாள் இருட்டில் காத்திருக்க வேண்டும். இரு துணை மின்நிலையங்களுக்கு இடையே வளையம் அமைத்து, வழியில் உள்ள டிரான்ஸ்பார்மர்களை ஆர்.எம்.யு. எனப்படும் சுவிட்ச் பெட்டிகளால் இணைத்து, பழுதுகாட்டி விளக்கும் வைத்தால், பழுதான துண்டை மட்டும் இரு பக்கமும் துண்டித்துவிட்டு மற்றவர்களுக்கு மறுபக்கத்திலிருந்து மின்சாரம் கொடுக்கலாம். வடத்தை நிதானமாகத் தோண்டிக்கொள்ளலாம். செலவைக் குறைக்க இந்த வளையத்தை வெட்டினால், புதைத்ததால் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி போய்விடும்.

பெட்டிகளை எங்கே வைப்பது என்பதில்தான் பல திட்டங்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கம்பத்தின் மேலே இருந்த டிரான்ஸ்பார்மர் தரைக்கு இறங்கும். அதற்கு மேடை வேண்டும், கதவு திறக்க இடம் வேண்டும். சில வீடுகளுக்கு ஒன்றாக, மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பில்லர் பாக்ஸ் வேண்டும். புதைவடம் வேண்டும் என்று மனுவில் கையெழுத்துப் போட்டவர்களே, பெட்டி எங்கள் வாசலில் வேண்டாம் என்று அடுத்த மனுவைக் கொண்டுவருகிறார்கள். கடைசியில் அது யாரும் கேள்வி கேட்காத தாழ்வான ஓரத்தில், மழைநீர் தேங்கும் இடத்தில் போய் உட்காரும். வெள்ளம் வந்தால் வடத்துக்கு ஒன்றும் ஆகாது; பெட்டிக்குள் நீர் ஏறும். தாழ்வழுத்தப் பில்லர் பாக்ஸின் உள்ளே உறையில்லாத செம்பு, அலுமினியப் பட்டைகள் இருக்கும். பூட்டு உடைந்து கதவு தொங்கும் பெட்டியும், நீரில் பாதி மூழ்கிய பெட்டியும் அறுந்த கம்பிக்குக் கொஞ்சமும் குறையாத ஆபத்து. அதுவும் குழந்தைகளின் கை எட்டும் உயரத்தில். அந்தப் பகுதியில் இதுவரை நீர் நின்ற அதிகபட்ச மட்டத்துக்கு மேல் மேடை எழுப்பாமல் பெட்டி வைக்க அனுமதிக்கவே கூடாது.

மரங்களைக் காப்பாற்றவாவது புதைக்கலாமே என்பதும் ஓரளவுதான் சரி. அடிமரத்தை ஒட்டி ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினால் ஒரு பக்கத்து வேர் முழுவதும் போகும். மரம் பச்சையாகவே நிற்கும். பலத்த காற்று வரும்போது வேரோடு சாயும். மரம் உள்ள இடத்தில் பள்ளம் வெட்டாமல் துளைப்பு இயந்திரத்தால் வேருக்குக் கீழே குழாய் செலுத்த வேண்டும். அதற்கான தொகை முதல் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். பிறகு கேட்டால் வராது. அதேபோல், மின்கம்பியை இறக்கிய பிறகும் தெருவிளக்குக்காகவும் டிவி, இணையக் கேபிள்களுக்காகவும் கம்பங்கள் நின்றுகொண்டுதான் இருக்கும். அழகுக்காகப் புதைக்கச் சொல்பவர்கள் அந்தக் கேபிள்காரர்களையும் அதே பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட வேண்டும்.

ஆக, கையில் உள்ள நிதி குறைவென்றால் எங்கள் வரிசை இது. முதலில் எல்லாத் தெருவிலும் உறையில்லாத தாழ்வழுத்தக் கம்பியை ஏ.பி. கேபிளாக மாற்றுவது. கூடவே கிளை வெட்டும் அட்டவணை, சாய்ந்த கம்பங்களுக்கு ஸ்டே கம்பி. அதன் பிறகு நெரிசலான பகுதிகளிலும் அத்தியாவசியப் பீடர்களிலும் 11 கே.வி. புதைவட வளையம். ஒரு தெரு விட்டு ஒரு தெரு புதைத்துக்கொண்டே போகும் அரைகுறைத் திட்டத்தைவிட இது உயிர்களைக் காக்கும் என்பது எங்கள் கருத்து. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு முனையிணைப்பும் இடிதாங்கியும் வேண்டும். அந்த முனைகள்தான் அடிக்கடி பழுதாகும்.

புதைப்பது என்று முடிவானால் ஒப்பந்தத்தில் சில வரிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். இருபது ஆண்டுச் சுமையைக் கணக்கிட்டு வடத்தின் குறுக்களவு முடிவாகியிருக்கிறதா? மேலே உள்ள கம்பியைப் பருமனான கம்பியாக மாற்றும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். சிறிய வடத்தைப் பதித்துவிட்டால் மறுபடி தெருவைத்தான் வெட்ட வேண்டும். சாலையைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு வெற்றுக் குழாய் கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறதா? பதித்து மூடிய பின் வெளியுறைச் சோதனையும், 0.1 ஹெர்ட்ஸ் குறை அதிர்வெண் சோதனையும் உண்டா? பழைய பழக்கத்தில் டி.சி. (நேர்மின்னோட்ட) அழுத்தம் கொடுத்துச் சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பழைய எக்ஸ்.எல்.பி.இ. வடத்தை அந்தச் சோதனையே கெடுத்துவிடும். ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் யார், எந்தத் தேதியில் போட்டார் என்ற பதிவு உண்டா?

புதைவடத்தின் முதல் எதிரி அடுத்த துறையின் பொக்லைன். குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் இணையக் கேபிளுக்கும் அதே சாலையைத்தான் தோண்டுவார்கள். வாளியின் பல் உறையை லேசாகக் கீறினால் ஓட்டுநர் யாரிடமும் சொல்லாமல் மூடிவிட்டுப் போவார். மழைநீர் அந்தக் கீறல் வழியே இறங்கி அடுத்த பருவத்தில் கணக்குத் தீர்க்கும். ஆகவே பள்ளத்தை மூடுவதற்கு முன்பே, வடம் கண்ணுக்குத் தெரியும்போதே, ஆழமும் நிலையான அடையாளத்திலிருந்து தூரமும் ஒவ்வொரு ஜாயிண்ட்டின் இடமும் அளந்து வரைபடத்தில் ஏற்ற வேண்டும். அந்த வரைபடம் சாலை தோண்டும் எல்லாத் துறைகளுக்கும் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை கைக்கு வரும் வரை ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையை விடுவிக்கக் கூடாது.

இப்படிக்கு,
மின்பகிர்மானப் பணியில் உள்ள வாசகர்கள் சிலர்